சிட்டுக்குருவியை விடச் சின்ன மரங்கொத்தி: மதுரைப் பக்கம் பார்த்தால் என்ன பெயர் எழுதுவது?

"வீட்டு முருங்கையில் ஒரு மரங்கொத்தி. சிட்டுக்குருவி அளவுகூட இல்லை. படம் மங்கல். இது எது?" மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தில் பறவை பார்க்கப் புதிதாக இறங்கியவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நெருங்கும்போது இன்னும் கூடும். நமக்கெல்லாம் பழகிய மரங்கொத்தி, மைனாவை விடப் பெரிய, சத்தம் போட்டுக்கொண்டு பறக்கும் பொன்முதுகு மரங்கொத்திதான். அதனால் உள்ளங்கை நீளத்துக்குச் சற்றே கூடுதலான ஒன்று கிளையைக் கொத்துவதைப் பார்த்தால் ஏதோ அபூர்வம் என்று தோன்றுவது இயல்பு.

இந்தச் சிற்றளவு மரங்கொத்திக்குப் போட்டியிடும் பெயர்கள் ஐந்து. அவற்றுள் இரண்டு மதுரைச் சமவெளியில் எப்போது வேண்டுமானாலும் கண்ணில் படலாம். இரண்டுக்கு மேற்கே மலையேற வேண்டும். ஒன்று பனிக்கால விருந்தாளி. எந்தப் பெயரை எழுதுவது என்று தயங்குபவர்களுக்காக ஐந்தையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கிறேன்.

## அளவுகோல்கள்

இடமும் மரமும். எந்த மரம், எந்த ஊர், மரத்தில் எந்த உயரம் என்பதே பாதிப் பெயரைச் சொல்லிவிடும். கருவேலங்காட்டில் பார்த்ததும் மேகமலைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பார்த்ததும் ஒரே பறவையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

வால். என் கணிப்பில் இதுதான் முதன்மையானது, ஆனால் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் இதையே. சாதாரண மரங்கொத்திக்கு வால் இறகின் தண்டு விறைப்பானது. வாலை மரத்தில் ஊன்றி, இரண்டு காலோடு சேர்த்து மூன்று புள்ளிகளில் நின்றுதான் அது கொத்தும். அந்த ஊன்றுகோல் ஒரு நாளும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதால், இறகு உதிர்க்கும் பருவத்தில் நடு வால் இறகுகள் இரண்டும் மற்ற வால் இறகுகள் முளைத்த பிறகே உதிரும். மென்மையான வாலுள்ள வகைகளும் உண்டு. அவை வாலை ஊன்றாது; வால் கிளையை விட்டு விலகியே நிற்கும். மங்கலான படத்திலும் இது தெரியும்.

தலையும் முதுகும். உச்சந்தலையின் நிறம், முகத்தில் கோடு, முதுகில் பட்டையா, புள்ளியா, ஒரே நிறமா என்று பாருங்கள். "கருப்பு வெள்ளையாக இருந்தது" என்பது ஐந்தில் மூன்றுக்குப் பொருந்தும்.

குரல். உதவும், ஆனால் குரலை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டுவதும் ஒரு துப்புதான். இறுதி முடிவு உங்கள் கண்ணுடையது.

உடல் அளவை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. நீளம் என்பது அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பது. குட்டை வால் பறவை நீளத்தில் சின்னது, பார்வைக்குப் பருத்தது. உயரமான புளிய மரத்து உச்சியில் 13 செ.மீ. பறவையும் 17 செ.மீ. பறவையும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

| பெயர் | நீளம் | வால் | முதலில் தேட வேண்டியது | இடம் |
|---|---|---|---|---|
| பழுப்புத்தலைக் குட்டி மரங்கொத்தி | சுமார் 13 செ.மீ. | விறைப்பு, ஊன்றும் | பழுப்பு உச்சி, வெளிறிய கண் | தோப்பு, தோட்டம், இலையுதிர் காடு |
| மஞ்சள் நெற்றி மரங்கொத்தி | 17–18 செ.மீ. | விறைப்பு, ஊன்றும் | அடிவயிற்றில் சிவப்பு | கருவேலம், உடை, மாந்தோப்பு |
| புள்ளிச் சிறுமரங்கொத்தி | சுமார் 10 செ.மீ. | குட்டை, மென்மை | முகத்தில் இரு வெள்ளைக் கோடு | மேற்கு மலைக் காடு, மூங்கில் |
| இதயப்புள்ளி மரங்கொத்தி | சுமார் 16 செ.மீ. | மிகக் குட்டை | பெரிய கொண்டை | மேற்கு மலையின் ஈரக் காடு |
| கழுத்துத் திருப்பி | 16–17 செ.மீ. | நீளம், மென்மை | மரப்பட்டை நிற உடல் | முட்காடு, தரை, பனிக்காலம் |

## பழுப்புத்தலைக் குட்டி மரங்கொத்தி

முருங்கையில், மாமரத்து நுனிக்கிளையில், கோயில் நந்தவனத்தில், அழகர்மலை அடிவாரத்தில் பார்த்தது என்றால் முதலில் பரிசீலிக்க வேண்டிய பெயர் இதுதான். கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு விடையும் இதுவே. இந்தியா, நேபாளம், இலங்கைக்கு உரிய பறவை. எடை 15 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

முதுகு கரும்பழுப்பு, அதில் குறுக்காக வெள்ளைப் பட்டைகள். உச்சந்தலை பழுப்பு. கண்ணிலிருந்து பின்னோக்கி ஒரு பழுப்புப் பட்டையும் அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடும் ஓடும். அடிப்பகுதி அழுக்கு வெள்ளை, மெல்லிய கீற்றுகள். பைனாகுலரில் முகம் தெளிவாகக் கிடைத்தால் விழி வெளிறியும் அதைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமும் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகம் வேண்டாம். ஆணுக்குப் பிடரியின் இரு பக்கத்திலும் சின்னச் சிவப்புக் கீற்று உண்டு. காற்று இறகைக் கலைத்தால்தான் அது வெளியே வரும் என்பதால், சிவப்பு தெரியவில்லை என்று பெண் பறவை என முடிவு கட்டிவிட வேண்டாம்.

இது இரை தேடும் விதத்தை நின்று பார்க்க வேண்டும். பொன்முதுகு மரங்கொத்தி உட்கார முடியாத சுள்ளிகளே இதன் பங்கு. காய்ந்த முருங்கைக் குச்சியில் வாலை ஊன்றி நான்கைந்து கொத்து. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு நொடி நிதானம். பிறகு பட்டையின் விளிம்பில் அலகைச் செருகி நெம்பும். பட்டைச் சிம்பு கீழே விழும். குச்சி வளைந்தால் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கியபடியே வேலையைத் தொடரும். கிடைப்பது பெரும்பாலும் சிறு வண்டுப் புழுக்களும் எறும்புகளும். எல்லா மரங்கொத்திக்கும் போல இதன் நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றி வருவதால், அலகுக்கு வெளியே வெகுதூரம் நாக்கை நீட்டித் துளைக்குள் இருப்பதை எடுத்துவிடும்.

கூடும் இந்தச் சுள்ளி வாழ்க்கைக்கு ஏற்றதுதான். பட்டுப்போன மெல்லிய கிளையில், பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் துளை போடும். மழைநீர் உள்ளே இறங்காது. இனப்பெருக்கம் பெரும்பாலும் தை, மாசி தொடங்கிக் கோடையில் நடக்கும். நம் ஊரில் தோட்டத்தைச் "சுத்தம்" செய்வதும் சரியாக அந்த மாதங்களில்தான். காய்ந்த கிளை என்று வெட்டித் தள்ளுவதில் எத்தனை கூடுகள் போகின்றன என்று நினைக்கும்போது மனசு வலிக்கிறது. ஆளுக்கோ கூரைக்கோ ஆபத்தில்லாத காய்ந்த கிளையை ஆடி வரைக்குமாவது விட்டு வையுங்கள்.

இந்தப் பெயரை எழுதுவதில் ஒரு மறைமுக இடர் உண்டு. "சின்னது என்றால் இதுதான்" என்று பழகிவிட்டால், அடுத்து வரும் பெண் மஞ்சள் நெற்றியையும் இதே கணக்கில் சேர்த்துவிடுவோம்.

## மஞ்சள் நெற்றி மரங்கொத்தி

மற்ற மரங்கொத்திகள் தவிர்க்கும் வறண்ட பூமியில் வாழப் பழகியது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய்க்குள் சமூகக் காடாக வளர்த்த கருவேலங்காடுகளும், நாகமலை போன்ற குன்றுகளின் அடிவாரத்து உடை மரங்களும், பெரியகுளம் மாந்தோப்புகளும் இதற்கு ஏற்ற இடங்கள். 1801-லேயே அறிவியல் பெயர் பெற்றது. மராட்டிய நாட்டின் பெயர் இதன் அறிவியல் பெயரில் இருக்கிறது.

நெற்றியும் முன்னுச்சியும் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆணுக்குப் பின்னுச்சி சிவப்பு. பெண்ணுக்கு அந்தச் சிவப்பு இல்லை. குழப்பம் தொடங்குவதும் இந்தப் பெண்ணிடம்தான். முதுகில் வெள்ளைப் பட்டையும் புள்ளியும், தலையில் மங்கல் பழுப்பு, தூரத்தில் சின்ன உருவம் என்று பார்த்ததும் குட்டி மரங்கொத்தி என்று எழுதத் தோன்றும். தீர்வு அடிவயிற்றில் இருக்கிறது. கால்களுக்கு நடுவே சிவப்புத் திட்டு இருந்தால் மஞ்சள் நெற்றிதான். குஞ்சுப் பருவத்தில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். குட்டி மரங்கொத்திக்கு வயிற்றில் சிவப்பே கிடையாது.

சிக்கல் என்னவென்றால், மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறும் பறவையின் வயிறு எளிதில் கண்ணுக்குக் கிடைக்காது. முதுகுப் படம் ஒன்று எடுத்ததும் திருப்திப்பட்டுக் கிளம்பாமல், அது தண்டைச் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். நடுத்தண்டிலும் பெரிய கிளையிலும் அதிக நேரம் செலவழித்தால் மஞ்சள் நெற்றிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

## புள்ளிச் சிறுமரங்கொத்தி

பிக்யூலெட் என்று கையேடுகளில் வரும் பறவை. எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். அவசரப்பட்டு எழுதுவதும் இதையே.

பத்து செ.மீ. நீளம், பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. தேன்சிட்டு அளவுள்ள ஒரு மரங்கொத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு பட்டையே இல்லாத ஆலிவ் பச்சை. இது மிக முக்கியம்: முதுகில் கருப்பு வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது பிக்யூலெட் இல்லை, பேச்சுக்கே இடமில்லை. கண்ணுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் கருமையான பட்டை. வெளிறிய மார்பு முழுக்கக் கரும்புள்ளிகள். ஆணின் நெற்றியில் செம்மஞ்சள் சாயல். குட்டை வாலில் நடுவே வெள்ளை.

வால் மென்மையானது என்பதால் இதன் நடத்தையே வேறு. மெல்லிய குச்சிகளிலும் மூங்கிலிலும் பட்டாணிக்குருவி போலத் தாவும், தொங்கும், குறுக்கே உட்காரும். ஆனாலும் கொத்துவதில் முழு மரங்கொத்திதான். காய்ந்த மூங்கிலில் தட்டினால் அந்தச் சின்ன உடம்புக்குச் சம்பந்தமில்லாத சத்தம் வரும். எறும்பும் எறும்பு முட்டையும் சிறு வண்டும் உணவு. கூட்டுத் துளையும் மெல்லிய கிளையில் அல்லது மூங்கிலில்தான். காட்டுக்குள் பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டத்தில் இதுவும் கூடவே போகும். 1836-ல் எட்வர்டு பர்ட்டன் விவரித்த இப்பறவை இமயமலை அடிவாரம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. இந்த வடிவத்தை ஒத்த சிறுமரங்கொத்திகளில் மிகப் பெரும்பாலானவை தென் அமெரிக்காவில் வாழ்கின்றன. அதை நினைத்தால் தேனி மலையில் ஒரு மூங்கில் புதருக்குள் இது துள்ளுவதைப் பார்ப்பதன் பெருமை புரியும்.

எப்போது இந்தப் பெயரை எழுதலாம்? மேகமலை, சாப்டூர் வனச்சரகத்தின் மேல்பகுதி, கொடைக்கானல் கீழ்மலை போன்ற இடத்தில், பச்சை முதுகையும் முகக் கோட்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் தாராளமாக எழுதலாம். மதுரை நகருக்குள் அல்லது கண்மாய்க் கரையில் பார்த்ததற்கு இந்தப் பெயர் வேண்டாம். சிறுமலை உச்சி என்றால் தெளிவான படம் இருந்தால் மட்டும். பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்ட் போன்ற தளத்தில் இடத்துக்குப் பொருந்தாத பெயரைப் பதிந்தால் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்பார். அது பெரிய தொந்தரவு இல்லை. தவறான பதிவு வரைபடத்தில் நின்றுவிடுவதுதான் உண்மையான இழப்பு. நாளைக்கு ஒரு காட்டைப் பற்றி முடிவெடுப்பவர் அந்தப் புள்ளியையும் நம்பித்தான் எடுப்பார்.

## இதயப்புள்ளி மரங்கொத்தி

ஒருமுறை சரியாகப் பார்த்தால் வேறெதோடும் குழம்பாது. பெரிய தலை, பின்னோக்கி நீண்ட கொண்டை, கழுத்து ஒல்லி, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. கருப்பும் வெண்பழுப்பும். மடக்கிய சிறகில் வெளிர் பின்னணியில் இதய வடிவக் கரும்புள்ளிகள். பெண்ணின் முன்னுச்சி வெள்ளை. ஆணின் நெற்றி கருமை. இந்த இனத்தில் ஆணுக்கும் சிவப்பு கிடையாது, மரங்கொத்திகளில் இது அதிகம் காணாத ஒன்று.

முதுகில் சில சிறப்பு இறகுகள் வாசனையுள்ள ஒருவகைப் பசையைச் சுரக்கும். அந்தச் சாயம் ஏறித்தான் வெள்ளையாக இருக்க வேண்டிய இறகு வெண்பழுப்பாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கம். மர உச்சியில் மெல்லிய கிளைகளில் ஓயாமல் இடம் மாறும், குரலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பிக்யூலெட்டை விட இதைக் கண்டுபிடிப்பது எளிது. மலையேறிப் போகும் உங்களுக்கு ஒரே காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால், தேடுவதற்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பறவையை. சமவெளியில் இது பட்டியலில் வரவே வேண்டியதில்லை.

## கழுத்துத் திருப்பி

மரத்தைத் துளைக்காத மரங்கொத்தி உறவு. உடல் முழுக்கக் காய்ந்த பட்டையின் நிறம், பக்கி என்று நாம் சொல்லும் இரவுப் பறவையின் உடம்பு போல. முதுகில் நீளவாக்கில் ஒரு கரும்பட்டை. தரையில் இறங்கி எறும்புப் புற்றருகே நாக்கை நீட்டிச் சாப்பிடும். அச்சம் வந்தால் கழுத்தைப் பாம்பு போல நெளிக்கும்; கூட்டில் தொட்டால் சீறவும் செய்யும். காஷ்மீரில் முட்டையிட்டு, பனிக்காலத்தில் இந்தியச் சமவெளிகளுக்கு இறங்குகிறது. தெற்கே வர வர எண்ணிக்கை குறையும்.

அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள், முட்காட்டில், தரையிலிருந்து எழும்பிக் கிளையில் குறுக்கே உட்கார்ந்த பறவை என்றால் யோசியுங்கள். சித்திரை, வைகாசியில் பார்த்ததற்கு இந்தப் பெயரை எடுத்துவிடலாம். மதுரைப் பக்கம் கண்டால் படத்தோடு பதியுங்கள்.

## மரங்கொத்தியே இல்லாமலும் இருக்கலாம்

முருங்கைக் கிளையின் அடியில் வட்டத் துளை போட்டு, மரத்தூளை வாயால் அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தால் அது செம்மார்புக் குக்குறுவானாக இருக்க நல்ல வாய்ப்பு. வெயில் நேரத்தில் செம்பு தட்டுவது போல டொங்கு டொங்கு என்று கேட்பது இதன் குரல். மரங்கொத்தியின் வரிசையைச் சேர்ந்ததுதான், காலில் விரல் அமைப்பும் அதேபோல முன்னே இரண்டு, பின்னே இரண்டு. பச்சை உடலும் நெற்றிச் சிவப்பும் மீசை முடி சூழ்ந்த தடித்த அலகும் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்டில் தலைகீழாக இறங்கி வந்தால் அது பசையெடுப்பான் என்ற வேறு குருவி. மரங்கொத்தி தலைகீழாக நடந்து இறங்காது. கீழே வர வேண்டுமென்றால் தலையை மேலே வைத்தபடியே பின்னோக்கிக் குதிக்கும்.

## பெயர் எழுதாமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், பல நேரம் இதுவே சரியான தேர்வு. இ-பேர்டில் இனம் குறிப்பிடாமல் "மரங்கொத்தி" என்று மட்டும் பதியும் வசதி இருக்கிறது. இழப்பு என்று பார்த்தால் உங்கள் இனப் பட்டியலில் ஓர் எண் கூடாது, அவ்வளவே. குறிப்பில் மரத்தின் பெயர், உயரம், வாலை ஊன்றியதா, முதுகில் பட்டை உண்டா என்ற நான்கையும் எழுதி வைத்தால், அடுத்த வாரம் அதே மரத்தில் நல்ல பார்வை கிடைக்கும்போது பதிவைத் திருத்திக்கொள்ளலாம். குட்டி மரங்கொத்தி பிடித்த மரத்தைத் தேடித் திரும்ப வரும் என்பதால் அந்த வாய்ப்பு நிஜமானது.

## மறுபடி பார்க்க எங்கே போவது

அழகர்கோவில் மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ. முதல் பேருந்தில் போய், கூட்டம் சேருவதற்கு முன் பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் நடந்தால் செலவே இல்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும். சுள்ளியில் இருப்பது தெளிவாகத் தெரியும். குட்டி மரங்கொத்தியை உறுதிசெய்ய இதுவே என் முதல் தேர்வு. கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது.

சிறுமலைக்கு திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வறண்ட காடு, மேலே வாழையும் காப்பியும். ஒரே நாளில் இரண்டு வகைக் காட்டையும் ஒப்பிட விரும்புபவர்களுக்கு நல்லது.

பிக்யூலெட்டும் இதயப்புள்ளியும்தான் வேண்டுமென்றால் சின்னமனூர் வழியாக மேகமலை. போகவர முழு நாள் பிடிக்கும், மலைச்சாலைச் சோதனைச்சாவடி நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், மழைக்காலத்தில் அட்டை உண்டு. 2021-ல் புலிகள் காப்பகமான பகுதி இது. வனத்துறை அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்க முடியாது. இறங்க வேண்டிய தேவையும் இல்லை. பட்டாணிக்குருவிகளும் மின்சிட்டுகளும் கலந்த கூட்டம் சாலையோர மரங்களைக் கடக்கும் வரை ஓரிடத்தில் நில்லுங்கள், அதில் மிக மெல்லிய குச்சிகளில் அசைவதை மட்டும் பைனாகுலரில் பின்தொடருங்கள். ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம்: நீங்கள் போகும் நேரத்தில் பறவை கூட்டில் குஞ்சுக்கு இரை கொண்டுபோய்க்கொண்டிருக்கலாம்.